பருத்தி ஆப்கன் போர்வை: 80 சதுரங்களில் 52 முடிந்த நிலையில்

ஆப்கன் என்றால் குரோஷே ஊசியால் பின்னிய சதுரங்களை இணைத்துச் செய்யும் போர்வை. இரவில் மின்விசிறியின் கீழ் போர்த்திக்கொள்ள அக்ரிலிக் நூல் சரிவராது, வியர்க்கும். நுவரெலியாவுக்குக் கொண்டுபோவதென்றால் அக்ரிலிக் நல்லது. கொழும்பு வீட்டுக்குப் பருத்திதான். ஆனால் பருத்தியில் மாதிரிச் சதுரத்தைக் கழுவிக் காயவைத்து அளக்காமல் கணக்குப் போடவே கூடாது. இந்தப் போர்வையின் எல்லா எண்களும் அந்த ஒரு சதுரத்திலிருந்து வந்தவை.

8 பிளை (நடுத்தரத் தடிப்பு) பருத்தி நூல், 4 மி.மீ. குரோஷே ஊசி, 6 சுற்று. பின்னி முடித்ததும் 15 செ.மீ. இருந்தது, கழுவிக் காய்ந்ததும் 14.3. குறுக்கே 8, நெடுக்கே 10 வைத்தால் 114க்கு 143 செ.மீ. சுற்றிலும் 3 செ.மீ. கரை போட்டால் 120க்கு 149. ஒரு சதுரத்துக்கு 14 கிராம் வீதம் 1,120 கிராம், இணைப்புக்கும் கரைக்கும் ஏறக்குறைய 180. ஆக 50 கிராம் உருண்டை 26 வேண்டும். 28 வாங்குவதே புத்தி. புறக்கோட்டையில் வாங்கும்போது உறையில் உள்ள சாய லொட் இலக்கம் (ஒரே தடவையில் சாயமிட்ட தொகுதியின் எண்) எல்லாவற்றிலும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு போய் வாங்கும் இரண்டு உருண்டை அதே வெள்ளையாக இருக்காது.

சிவப்பு, கருநீல நூல்களை ஈரமான வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் இறங்கினால் அந்த நூலை ஒதுக்கிவிட வேண்டியதுதான். வினிகரில் ஊறவைத்தால் சாயம் பிடிக்கும் என்பார்கள், பருத்திச் சாயத்துக்கு அது உதவாது.

சதுரம்: 4 சங்கிலிக் கண்ணி, வளையமாக மூடவும். பருத்தி வழுக்குவதால் இழுத்துச் சுருக்கும் வளையம் கழுவும்போது திறந்துவிடும், அதனால் சங்கிலி வளையமே பாதுகாப்பு. 3 சங்கிலி முதல் டிரெபிளாகக் கணக்கு (டிரெபிள்: ஊசியில் நூலை ஒருமுறை சுற்றிப் போடும் உயரமான கண்ணி). மூன்று மூன்று டிரெபிளாக நான்கு கூட்டம், மூலைகளில் 2 சங்கிலி. அடுத்த சுற்றுகளில் ஒவ்வொரு மூலையிலும் இரண்டு கூட்டம், பக்க இடைவெளிகளில் ஒவ்வொரு கூட்டம். சுற்று இலக்கம் எதுவோ, ஒரு பக்கத்தில் அத்தனை கூட்டம். ஆறாம் சுற்றில் பக்கத்துக்கு 18 டிரெபிள் வராவிட்டால் எங்கோ ஒரு மூலை தவறியிருக்கிறது. (இது பிரித்தானிய முறை. அமெரிக்கக் குறிப்புகளில் இதே டிரெபிள் டபிள் குரோஷே எனப்படும்.)

முதல் ஒன்பது சதுரமும் ஒரு பக்கமாகச் சரிந்தன. டிரெபிளின் தலை அதன் தண்டுக்கு நேர் மேலே உட்காராது, சற்று விலகி நிற்கும். எப்போதும் ஒரே முகம் பார்த்துச் சுற்றினால் அந்த விலகல் சேர்ந்துகொண்டே போகும். சுற்று மூடியதும் வேலையைத் திருப்பிப் பின்னினால் சரிவு நின்றுவிடும். திருப்பினால் மூலை இடைவெளி ஊசியின் பக்கத்திலேயே வரும் என்பது கூடுதல் வசதி. ஒன்பதையும் பிரித்துப் பின்னியது வீணல்ல, இணைக்கும்போது சரிவு இரட்டிப்பாகத் தெரியும்.

கை வியர்த்தால் நூல் அலுமினிய ஊசியில் ஒட்டி, கண்ணி இறுகும். மத்தியானச் சதுரங்கள் இரவுச் சதுரங்களைவிட 3, 4 மி.மீ. சிறிதாக வந்தன. மடியில் ஒரு துவாயும் மூங்கில் ஊசியும் போதும். நூல் முனை 15 செ.மீ. விட்டு, மூன்று திசையில் கோத்து மறைக்கவும். ஒரே திசையில் கோத்தால் கழுவும்போது நழுவி வெளியே வந்துவிடும்.

இதுவரை 48 சதுரம், ஆறு வரிசை இணைத்தாயிற்று. இணைத்தது ஸ்லிப் ஸ்டிச்சில், அது உயரமில்லாத, நீளாத கண்ணி. அதை 4 மி.மீ. ஊசியிலேயே போட்டபோது இணைப்பு சுருங்கி, சதுரங்களின் நடு உப்பியது. 4.5 மி.மீ.க்கு மாற்றியதும் தட்டையாக விழுந்தது.

ஈரமான பருத்தி பெரும் பாரம், கொடியில் போட்டால் நீளமாகத் தொங்கிப்போகும். பாயில் விரித்து, மின்விசிறி போட்டுக் காயவைக்கவும். தென்மேல் பருவமழைக் காலத்தில் இரண்டு நாள் பிடிக்கும், இடையில் ஒருமுறை புரட்டவேண்டும். சாதாரண இரும்புக் குண்டூசியால் குத்திப் பதிக்காதீர்கள், துருக்கறை எளிதில் போகாது.

மிச்சம் 28 சதுரமும் கரையும். கரையின் முதல் சுற்றில் ஒரு சதுரத்துக்குப் பிரித்தானிய முறையில் 20 டபிள் குரோஷே (டிரெபிளைவிடக் குட்டையான கண்ணி): 18 டிரெபிளுக்கு 18, இரு மூலை இடைவெளிக்கும் ஒவ்வொன்று. அகலப் பக்கம் 160, நீளப் பக்கம் 200. கூடினால் கரை அலைஅலையாகும், குறைந்தால் போர்வை கிண்ணம்போல் குவியும்.