ஒரே சவுண்ட் கார்டு, பல புரோகிராம்கள்

லினக்ஸில் பாட்டு ஓடும்போதே வீடியோ காலும் பேசுகிறோம், நடுவில் மெசேஜ் மணியும் கேட்கிறது. ஓஎஸ்எஸ் என்ற பழைய ஒலி அமைப்பின் காலத்தில் சாதாரண சவுண்ட் கார்டில் இது நடக்காது. ‘டெவ்’ டைரக்டரிக்குள் ‘டிஎஸ்பி’ என்று ஒரு கோப்பு, அதுதான் கார்டுக்கான வாசல். அதை முதலில் திறந்த புரோகிராமுக்கே கார்டு சொந்தம். அடுத்து வருவதற்கு ‘சாதனம் பிஸி’ என்ற பதில்தான். எது பிடித்துவைத்திருக்கிறது என்று ‘ஃபியூசர்’ கட்டளை போட்டுத் தேடிய இரவுகள் எனக்கு நிறைய.

ஓஎஸ்எஸ்ஸுக்குப் பின் வந்த அல்சா ஒலி அமைப்பில், ஒலிகளைக் கலக்கும் டிமிக்ஸ் வந்தபோது அவ்வளவு சந்தோஷம்! அது செய்வது வெறும் கூட்டல். ஒலி என்பது எண்களின் வரிசைதானே. பாட்டின் எண் 12,000, மணியின் எண் 5,000 என்றால் கார்டுக்குப் போவது 17,000. பதினாறு பிட்டில் உச்ச எண்ணான 32,767-ஐத் தாண்டினால் அங்கேயே வெட்டிவிட வேண்டும், இல்லையென்றால் கரகரக்கும். ஒன்று நொடிக்கு 44,100 எண்கள், இன்னொன்று 48,000 எண்கள் என்று வந்தால் முதலில் இரண்டையும் ஒரே வேகத்துக்கு மாற்றியாக வேண்டும்.

பிறகு இந்தக் கலக்கும் வேலைக்குப் பல்ஸ்ஆடியோ என்ற புரோகிராம் வந்தது, 2021-இல் ஃபெடோரா 34 என்ற லினக்ஸ் பதிப்பு முதல் பைப்வயர். ஆனால் என் மனதுக்குப் பிடித்தது லினக்ஸ் போன்ற இன்னொரு இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியின் வழிதான். அங்கே இயங்குதளத்தின் மையமான கெர்னலே கலந்து கொடுக்கிறது. பழைய புரோகிராமில் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம்.

இன்றும் உங்கள் லினக்ஸில் ஒரு புரோகிராம் மற்றவற்றை ஊமையாக்கினால், அதன் ஆடியோ செட்டிங்கைப் பாருங்கள். ‘ஹெச்டபிள்யூ’ என்று தொடங்கும் சாதனம் இருந்தால் கார்டை நேரடியாகப் பிடிக்கிறது என்று அர்த்தம். ‘டீஃபால்ட்’ என்று மாற்றுங்கள், வழிவிட்டுவிடும்.