78 கிலோவில் தொடங்கிய கர்ப்பகாலம்

கர்ப்பம் உறுதியானதும் எங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்து, கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பதிவு எண்ணான பிக்மி எண்ணைப் பெற்றேன். அன்று என் எடை 78 கிலோ, உயரம் 158 செ.மீ.; உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் உடல் நிறை குறியீடு (பிஎம்ஐ) 31-ஐத் தாண்டியிருந்தது. ஆசியர்களுக்கு 25-ஐ எட்டினாலே உடல் பருமன் என்கிறார்கள். தாய் சேய் நல அட்டையில் அந்த எண்ணைச் சிவப்பு மையால் வட்டமிட்டபோது, ஏதோ குற்றம் செய்துவிட்டவளைப் போலக் கூசிப்போனேன்.

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்தான் என்னை உட்காரவைத்து விளக்கினார். நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் எல்லாக் கர்ப்பிணிகளிடமும் இன்சுலினின் வேலையை மட்டுப்படுத்தும் என்றும், எடை கூடிய உடலில் ஏற்கெனவே அந்தத் தடை இருப்பதால் சர்க்கரை எளிதில் ஏறிவிடும் என்றும், அது குழந்தைக்கும் போய்ச் சேருவதால் குழந்தை அளவுக்கு மீறிப் பெருத்து, பிறந்தவுடன் அதற்குச் சர்க்கரை சட்டென்று இறங்கக்கூடும் என்றும் சொன்னார். பட்டினி கிடந்து எடையைக் குறைக்க முயலக் கூடாது. பிரசவம் வரை மொத்தம் 5 முதல் 9 கிலோ கூடினால் போதும் என்றார்.

75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் முதன்முறை 128 வந்தது. ஆறாம் மாதத்தில் மறுபடி எடுத்தபோது 162. எல்லை 140. ‘இரண்டு உயிருக்கும் சேர்த்துச் சாப்பிட வேண்டும்’ என்று அத்தை அன்போடு வைத்த இரண்டாம் கரண்டிச் சோற்றை மறுப்பதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. சத்தானது என்று நம்பித் தினமும் குடித்த கேழ்வரகுக் கஞ்சிகூட, மாவாக அரைத்துக் குழைய வேகவைப்பதால் சர்க்கரையை விரைவாக ஏற்றும் என்பதை அப்போதுதான் அறிந்தேன். கஞ்சிக்குப் பதில் பருப்படை, சுண்டல், முட்டை, ஒரு கிண்ணம் கீரை என்று மாற்றி, சாப்பிட்டபின் அரை மணி நேரம் மாடியில் நடந்தேன். இரண்டு வாரத்தில் உணவுக்குப் பிந்தைய அளவு 114-க்கு இறங்கியதால் இன்சுலின் தேவைப்படவில்லை.

எட்டாம் மாதத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ரத்த அழுத்தம் 148/94 என்று சொல்லி, உடனே சேரச் சொன்னார்கள். என் கையில் சுற்றிய பட்டை பாதிதான் எட்டியது. காற்று ஏற ஏற அதன் ஒட்டுப்பகுதி பிரிந்துகொண்டே வந்தது. பருமனானவர்களுக்கு ரத்தக்கொதிப்பு வரும் ஆபத்து உண்மையிலேயே அதிகம் என்பதால் அதை அலட்சியப்படுத்தவும் மனம் வரவில்லை. அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்றோம். அங்கிருந்த மூத்த செவிலியர் என் கையைப் பார்த்ததுமே அலமாரியிலிருந்து அகலமான பட்டையை எடுத்து வந்து, சற்று நேரம் உட்காரவைத்து அளந்தார்: 124/80. சிறிய பட்டை அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும் என்றவர், ஆனாலும் சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே எங்களை அனுப்பினார். அதன் பின் எங்கு போனாலும் பெரிய பட்டையைக் கேட்டு வாங்கினேன்.

39-ஆம் வாரத்தில் சிசேரியன். மொத்தம் கூடியது ஏழரை கிலோ, மகள் 3.3 கிலோ. அவள் குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள், சரியாக இருந்தது. ரத்தம் உறையாமலிருக்க எனக்கு ஊசி போட்டு, மறுநாளே நடக்கவைத்தார்கள். ஆறு வாரம் கழித்து மீண்டும் அதே குளுக்கோஸ் தண்ணீர்; இம்முறை 117. பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு எனக்கு இருப்பதால், ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும் என்று செவிலியர் அட்டையில் எழுதிக் கொடுத்தார்.