கிணற்றுத் தண்ணீருக்கு ஏற்ற மீன்

2008ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், போரால் இடம்பெயர்ந்து வன்னியின் மல்லாவியை விட்டுப் புறப்பட்டபோது கைவிட்ட மீன் வளர்ப்பை, 2021ஆம் ஆண்டு சித்திரையில், அதே வளவில், என்னுடைய 35ஆவது வயதில் மீண்டும் தொடங்கினேன். 3 அடி நீளமும் 15 அங்குல அகலமும் 18 அங்குல உயரமும் கொண்ட கண்ணாடித் தொட்டி அது. விளிம்புவரை நிரப்பினால் ஏறத்தாழ 160 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். தண்ணீரின் எடையே 160 கிலோ என்பதால், பழைய குசினிக் கூரையிலிருந்து மிஞ்சிய பனைத் தீராந்திகளை அறுப்பித்து, விறாந்தையில் வெயில் படாத மூலையில் அதற்கொரு தாங்கி செய்வித்தேன். தொட்டி வந்த அன்று மாலையே மீன் வாங்க ஓடிவிடாமல் இருந்தது, சிறுவயதில் எனக்குக் கைவராத பொறுமை.

வன்னியில் மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில் வளர்ந்தவன் நான். மின்கலங்கள்கூட அரசு தடைசெய்த பொருள்களின் பட்டியலில் இருந்த அந்நாளில் காற்றுப் பம்பியை நினைத்தும் பார்க்க முடியாது. நுளம்புக் குடம்பிகளைத் தின்னும் என்பதற்காகக் கிணற்றடித் தொட்டிகளில் விடப்பட்டிருந்த கப்பி மீன்களைச் சல்லடையால் கோலி, ஹோர்லிக்ஸ் போத்தலில் வைத்திருப்போம். வாளியில் விட்டாலும் பானையில் விட்டாலும் அவை குட்டி போட்டுப் பெருகின. எளிதில் பெருகியதனாலேயே எனக்கு அவற்றின்மீது மதிப்பில்லாமற் போயிற்று. எங்கிருந்தோ கைமாறி வந்த ஓர் ஆங்கிலச் சஞ்சிகையில், நீலக் கோடும் சிவப்பு வாலுமாகக் கூட்டமாய் நீந்தும் நியோன் ரெற்றாவின் படத்தைப் பார்த்திருந்தேன். மீன் என்றால் அதுதான் மீன் என்பது அன்றைய என் முடிவு.

2002 சித்திரையில், போரால் மூடிக்கிடந்த ஏ9 வீதி திறந்தது. அடுத்த ஆண்டு, வவுனியாவில் 2 அடித் தொட்டியொன்றை வாங்கி, படுக்கை விரிப்பால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இறக்கி அவிழ்த்துக் காட்டி மீண்டும் கட்டி, மாங்குளம் வழியாக வீடு கொண்டுவந்து சேர்த்தேன். அதன் பின்னர் நான் செய்ததை இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மீன்களை வாளிக்கு மாற்றி, தண்ணீர் முழுவதையும் தென்னைக்கு ஊற்றி, கற்களைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து வெயிலில் காயவைத்து, கண்ணாடியைப் பளபளவெனத் துடைத்து, புதுக் கிணற்றுத் தண்ணீர் நிரப்பி மீன்களைத் திரும்ப விடுவேன். புதன்கிழமைக்குள் இரண்டொன்று மிதக்கும். துப்புரவு போதவில்லை என்று எண்ணி, அடுத்த வாரம் இன்னும் அழுத்தித் தேய்ப்பேன். கண்ணூறு என்று அம்மா சொன்னார். மருந்து விடச் சொன்னார் கடைக்காரர். நான் இருவர் சொன்னதையும் செய்தேன்.

இடம்பெயர்ந்த அன்று மிஞ்சியிருந்த ஐந்தாறு மீன்களைக் கிணற்றடிச் சீமெந்துத் தொட்டியில் ஊற்றிவிட்டுப் போனோம். 2010இல் திரும்பி வந்தபோது அந்தத் தொட்டியும் வெடித்திருந்தது, வீட்டுக்குக் கூரையும் இருக்கவில்லை. மீனைப் பற்றி யாரும் பேசவில்லை.

அந்த மீன்களைக் கொன்றது அழுக்கன்று, என் துப்புரவுதான் என்பதை விளங்கிக்கொள்ள இவ்வளவு காலம் எடுத்தது. மீன் தன் பூக்கள் (செவுள்கள்) வழியாக அமோனியாவை வெளிவிடுகிறது. தின்னாத தீனி அழுகினாலும் அமோனியாவே உண்டாகிறது. கற்களிலும் வடிகட்டியின் பஞ்சிலும் குடியேறும் ஒருவகைப் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாக மாற்ற, இன்னொருவகைப் பற்றீரியாக்கள் அந்த நைத்திரைற்றைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாக மாற்றுகின்றன. இந்தக் குடியேற்றம் முழுமைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். நானோ ஏழு நாளுக்கு ஒருமுறை அவற்றைச் சவர்க்காரத்தால் கழுவி, வெயிலில் உலர்த்திக் கொண்டிருந்தேன். இதில் எங்கள் தண்ணீருக்கும் ஒரு பங்கு உண்டு. அமோனியா முழுவதும் ஒரே அளவு நஞ்சன்று. தண்ணீர் காரத்தன்மை கூடியதாகவும் சூடாகவும் இருக்கும்போது அதன் நச்சு வடிவம் பெருகுகிறது. 30 பாகை வெப்பநிலையில், அமில-கார அளவான பீஎச் 7 உள்ள தண்ணீரில் நூற்றுக்கு ஒரு பங்கும் தேறாத அந்த நச்சு வடிவம், பீஎச் 8 ஆகும்போது நூற்றுக்கு ஏழு பங்கைத் தாண்டுகிறது. எங்கள் கிணற்றின் பீஎச் 8. ஆகவே, குளிர்ந்த மென்னீர் உள்ள ஊரில் ஒருவர் தப்பித்துவிடக்கூடிய பிழை, மல்லாவியின் சித்திரை வெயிலில் மீனைக் கொன்றுவிடும்.

எனவே இம்முறை மீனில்லாமலே தொடங்கினேன். பஞ்சு வடிகட்டியைக் காற்றுப் பம்பியில் இணைத்து ஓடவிட்டு, ஓர் இறாலைத் துணியில் முடிந்து தொட்டிக்குள் தொங்கவிட்டேன். அது அழுகினால்தானே பற்றீரியாவுக்கு உணவு கிடைக்கும். அம்மா இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “மீனில்லாத தொட்டிக்கு றால் போடுறவனை இப்பதானடா பாக்கிறன்” என்றார். நாற்றத்தைப் பற்றி அவர் சொன்னவற்றை இங்கே எழுதவில்லை. கொழும்பிலிருந்து தபாலில் வருவித்த சோதனைத் திரவங்களால் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீரைச் சோதித்துக் கொப்பியில் குறித்து வந்தேன். 9ஆம் நாள் அமோனியாவின் பச்சை நிறம் கடும் பச்சையாயிற்று. 18ஆம் நாள் அது வெளிறத் தொடங்க, நைத்திரைற்று ஊதா நிறமாக ஏறியது. 37ஆம் நாள் இரண்டும் பூச்சியத்துக்கு இறங்கின. தண்ணீரைப் பார்த்தால் முதல்நாள் இருந்ததுபோலவே தெளிவாகத்தான் இருந்தது.

இவ்வளவும் படித்துச் செய்த நான், அடுத்த அடியில் பழைய ஆசைக்கு இடங்கொடுத்தேன். வவுனியாவிலிருந்து 12 நியோன் ரெற்றாக்களை வாங்கி வந்தேன். பையை மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கலந்து, ஒரு மணிநேரம் கழித்துத்தான் விட்டேன். அமோனியா பூச்சியம், நைத்திரைற்று பூச்சியம். ஆயினும் மூன்று வாரங்களில் 9 மீன்கள் இறந்தன. நிறம் மங்கி, கூட்டத்திலிருந்து விலகி, மூலையில் நின்று, மறுநாள் காணாமற் போயின.

விடை குசினியில் பல ஆண்டுகளாக இருந்திருக்கிறது. எங்கள் கேத்தலின் அடியில் படியும் வெண்மையான ஓட்டை அம்மா மாதமொருமுறை புளி போட்டுக் கழற்றுவார். அது கல்சியம் காபனேற்று. எங்கள் கிணற்று நீரின் வன்மையை, அதாவது அதில் கரைந்துள்ள இத்தகைய உப்புகளின் அளவை, அளந்தபோது, லீற்றருக்கு ஏறத்தாழ 320 மில்லிகிராம் வந்தது. நியோன் ரெற்றாவின் பிறப்பிடமோ மேல் அமேசன் காட்டின் ஓடைகள்; இலைச்சருகு ஊறித் தேநீர் நிறமாகிய, கல்சியம் ஏறக்குறைய இல்லாத, அமிலத்தன்மை கொண்ட தண்ணீர். பண்ணையில் பிறந்த மீன்கள் ஓரளவு வன்மையைத் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஓரளவுக்கு வெகு அப்பால் நிற்கிறது எங்கள் கிணறு. வியப்பு என்னவென்றால், இதே தீவின் தென்மேற்கு மழைக்காட்டு ஓடைகளுக்கே உரிய, 1929இல் இலங்கை விலங்கியலாளர் தெரணியகல பெயரிட்டு விவரித்த செந்நிறச் செரி பாப் மீனுக்கும் இயல்பான தண்ணீர் நிழலும் மென்மையும் கொண்டதே. மல்லாவிக் கிணறு அதற்கும் அந்நியம்தான். மாறாக, கடல் கடந்து மெக்சிக்கோவிலும் மத்திய அமெரிக்காவிலும் இருந்து வந்த மொலியும் பிளாற்றியும் வாள்வால் மீனும் வன்நீரையே விரும்புகின்றன. வெனிசுவேலா, திரினிடாட் பக்கத்துக் கப்பியும் அப்படியே. ஹோர்லிக்ஸ் போத்தலில் கப்பி பெருகியது அது மலிவான மீன் என்பதாலன்று. எங்கள் தண்ணீர் அதற்கு ஏற்ற தண்ணீர் என்பதால். நான் இகழ்ந்த மீனைத்தான் கிணறு கேட்டுக்கொண்டிருந்தது.

கறுப்பு மொலி 6, பிளாற்றி 8, கப்பி ஒரு கூட்டம் என்று தொட்டியை மாற்றியமைத்தேன். அன்றிலிருந்து மருந்துப் போத்தல் எதையும் திறக்கவில்லை. வாரத்துக்கு ஒருமுறை நான்கில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுகிறேன். பஞ்சை அந்த எடுத்த தண்ணீரிலேயே அலசுகிறேன். மாரி வெள்ளம் வடிந்ததும் சுகாதாரப் பகுதியினர் கிணறுகளுக்குக் குளோரீன் இடும் வாரத்தில் மட்டும் மாற்றுவதை நிறுத்திவிடுவேன். குளோரீன் பற்றீரியாவை வேறுபடுத்திப் பார்ப்பதில்லை.

செடிகளிலும் இதே கதைதான். கடையில் வாங்கிய மென்மையான சிவப்புச் செடிகள் கரைந்து போயின. வவுனிக்குளத்து வாய்க்காலில் நாடா நாடாகக் கிடக்கும் வேலம்பாசியைக் கொணர்ந்து நட்டேன். வன்நீரில் கரைந்துள்ள இருகாபனேற்றிலிருந்தே தனக்கு வேண்டிய காபனைப் பெறத்தக்க செடி என்பதால் அது இரண்டு மாதத்தில் பின்சுவரை மறைத்துவிட்டது. அதனோடு ஒரு தும்பிக் குடம்பியும் ஒளித்து வந்து, பத்துப் பதினைந்து கப்பிக் குட்டிகளைத் தின்ற பிறகே அகப்பட்டது. இப்போது வாய்க்காற் செடி எதையும் ஒரு வாரம் தனி வாளியில் வைத்துப் பார்த்த பின்னரே நடுகிறேன்.

வெப்பமூட்டி என்ற கருவி எங்களுக்குத் தேவையில்லை, சூடுதான் தொல்லை. சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தொட்டித் தண்ணீர் 33 பாகைவரை ஏறும். 25 பாகையில் லீற்றருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஒட்சிசனைத் தாங்கும் தண்ணீர், 32 பாகையில் 7 சொச்சத்தைத்தான் தாங்கும். மேசை விசிறியை நீர்ப்பரப்பின் மேல் சாய்வாகத் திருப்பிவிட்டால் ஆவியாதலால் 2 அல்லது 3 பாகை இறங்குகிறது. 2022 பங்குனி முடிவில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரமானபோது விசிறியும் இல்லை, பம்பியும் இல்லை, மின்பிறப்பாக்கிக்கு எரிபொருளும் இல்லை. தீனியை நிறுத்திவிட்டு, அரை மணிக்கொருமுறை செம்பால் தண்ணீரை மொண்டு ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றினோம். நான் வேலைக்குப் போன நேரங்களில், றாலைக் குறை சொன்ன அம்மாதான் ஊற்றினார். தொட்டியில் மீன் குறைவாக இருந்ததும் உதவியிருக்க வேண்டும், ஒன்றும் சாகவில்லை.

உயிர் தப்பிய 3 நியோன்களையும் 40 லீற்றர் தொட்டியொன்றுக்கு மாற்றி வைத்திருக்கிறேன். வடிகட்டி நிலையத்தில் விற்கும் குடிதண்ணீரைக் கலக்கலாம் என்று முதலில் எண்ணினேன். எங்கள் பக்கத்தில் சிறுநீரக நோய்க்கு அஞ்சி மக்கள் வரிசையில் நின்று வாங்கும் தண்ணீரை மீனுக்கு ஊற்ற மனம் ஒப்பவில்லை. கடந்த கார்த்திகையில், ஓட்டுக் கூரையின் அழுக்கைக் கழுவிவிடட்டும் என்று முதல் இரண்டு மழையையும் போகவிட்டு, பின்னர் பெய்ததை இரண்டு பரல்களில் பிடித்து, நுளம்பு புகாதபடி வலைத்துணியால் வாய்கட்டி வைத்தேன். மழைநீரும் கிணற்று நீரும் பாதிக்குப் பாதி கலந்தபோது வன்மை 160க்கு இறங்கியது; முக்காற்பங்கு மழைநீரானபோது 80. வாரத்துக்குச் சிறிது சிறிதாக மாற்றி, தை மாதத்தில் அந்த 80ஐ எட்டினேன். மூன்றின் நீலக் கோடுகளும் திரும்ப ஒளிர்கின்றன. கூட்டமாக வாழும் மீனுக்கு மூன்று போதாது என்பது தெரியும். ஆனால் இரண்டு பரல் தண்ணீர் புரட்டாதிவரை தாக்குப்பிடிக்குமா என்பதை இந்த ஆண்டு அளந்து பார்த்த பின்னரே மேலும் வாங்குவேன். இன்று காலை முதற் பரலில் ஒரு சாண் குறைந்திருந்தது.