காகிதத்தில் கிடைத்த வாய்க்கால்

அவினாசி வட்டாரத்தில் எங்கள் ஊர்க் குட்டை நல்ல மழை பெய்தாலும் நிறைவதில்லை. 2024 ஆகஸ்டில் தொடங்கிய அத்திக்கடவு–அவினாசித் திட்டம் பவானியின் உபரி நீரைக் குழாய் வழியாக 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டு வருகிறது. அந்தப் பட்டியலில் எங்கள் குட்டை இல்லை. மழைத் தண்ணீர்தான் கதி. அதைக் கொண்டு வந்த வாய்க்காலைக் காணோம். ஊர் இளைஞர்கள் பனியன் கம்பெனிக்குப் போனால் ஷிப்ட் முடிந்து இருட்டிய பிறகுதான் வீடு திரும்புகிறார்கள். அலுவலகம் திறந்திருக்கும் நேரத்தில் அலைய முடிந்தவர்கள் அறுபதைத் தாண்டிய நாங்கள்தாம்.

திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தோம். "அங்கு வாய்க்கால் ஏதும் இல்லை" என்று ஓர் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. முப்பது ஆண்டு பள்ளியில் பாடம் நடத்திய எனக்கு அந்த ஒற்றை வரி தூக்கத்தைக் கெடுத்தது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதினோம். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். ஆனால், "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்பதில் பயனில்லை, அவர்களிடம் இருக்கும் ஆவணத்தின் நகலைத்தான் கேட்க வேண்டும். ஊர் நிலங்களின் விவரம் எழுதிய வருவாய்த் துறையின் அ-பதிவேட்டின் நகலும், நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்படத்தின் நகலும் கேட்டோம். 30 நாளில் பதில் வரவில்லை. மேல்முறையீடு செய்த பிறகே காகிதம் கைக்கு வந்தது. அதில் 'வாய்க்கால் புறம்போக்கு' என்று புல எண்ணோடு (சர்வே எண்) தெளிவாக எழுதியிருந்தது.

படத்தை நிலத்தில் பொருத்திக் காட்டியவர் எங்கள் ஊரில் ஆடு மேய்க்கும் பெரியம்மா. எழுதப் படிக்கத் தெரியாதவர். "இங்கே வா அம்மிணி, இந்த வேம்புக்கு மேற்கே திரும்பும்" என்று சீமைக்கருவேல முள்ளுக்குள் முன்னால் நடந்தார். தண்ணீர் ஓடிய காலத்தில் கால் நனைத்து நடந்தவர் அவர். நான் புலப்படத்தை விரித்துப் பிடித்தபடி பின்னால் போனேன். ஒவ்வொரு வளைவும் ஒத்துப்போனது. அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

கஷ்டம் அதற்குப் பிறகு. வாய்க்காலை உழுது சேர்த்துக்கொண்டவர்களில் என் கணவரின் பங்காளியும் ஒருவர். கல்யாணம் காதுகுத்து என்று தினமும் முகம் பார்க்க வேண்டிய உறவு. அவர் வீட்டுத் திண்ணையில் நகலை வைத்துப் பேசினோம். முதலில் கத்தினார், சில வாரம் கழித்து, "சர்வேயர் அளக்கட்டும், கல் நட்டால் விட்டுவிடுகிறேன்" என்றார். வயதானவர்கள் போனதால்தான் அது அடிதடி ஆகவில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் அளவீடு கோரித் தீர்மானம் போட்டோம். தீர்மானப் புத்தகத்தில் எழுதியதைக் கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்திட்டோம். அளந்து கல் நட்டார்கள், பெரும்பகுதி தூர்வாரியாயிற்று. குட்டையை ஒட்டிய கடைசித் துண்டு மட்டும் வேறொருவர் பிடியில் இருக்கிறது. அக்டோபர் 2 கிராம சபையில் அதைக் கேட்கப் போகிறோம்.

உங்கள் ஊர்க் குட்டைக்கும் இதே நிலை என்றால், அ-பதிவேட்டின் நகலை முதலில் கேட்டு வாங்கிப் பாருங்கள். புல எண் தெரியாமல் எழுதும் மனு நகராது.