கன்ட்ரோல் தட்டில் சிவப்புப் புள்ளிகள்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை கன்ட்ரோல் தட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். விஷம் ஊற்றாத செல்கள், அதில் ஒன்றுமே தெரியக் கூடாது. ஆனால் செல்லுக்குச் செல் கடுகு சிதறியதுபோலச் சிவப்புப் புள்ளிகள். முதலில், நிறம் காட்ட நான் ஊற்றும் ஆன்டிபாடியைத்தான் திட்டினேன். அப்புறம் பார்த்தால் இன்குபேட்டரின் சென்சார் கெட்டு, வெளியே 37 என்று காட்டிக்கொண்டே உள்ளே 43 டிகிரிக்குப் போயிருக்கிறது. நான் தட்டை எடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால்தான் ஏறியிருக்க வேண்டும். ரொம்ப நேரம் ஆகியிருந்தால் செல்லே மிஞ்சியிருக்காது. மூன்று வார வேலை போச்சு.

அந்தப் புள்ளிகளுக்கு ஸ்ட்ரெஸ் கிரானுல் என்று பெயர். சூடு, விஷம், ஆக்சிஜன் பற்றாக்குறை என ஏதாவது நெருக்கடி வந்தால் செல் புதிதாகப் புரதம் செய்வதைப் பெரும்பாலும் நிறுத்திவிடும். புரதம் செய்வதற்கான சேதியைச் சுமந்தபடி பாதி வேலையில் நின்றுபோன ஆர்.என்.ஏ.க்களைச் சில புரதங்கள் பிடித்து மூட்டை கட்டி ஓரமாக வைக்கும். ஜி3பிபி1, டிஐஏ1 எல்லாம் இந்த மூட்டை கட்டுகிற கூட்டம். நான் வழக்கமாக 0.5 மில்லிமோலார் சோடியம் ஆர்சனைட் என்ற விஷத்தை ஒரு மணி நேரம் ஊற்றித்தான் இதை வரவழைப்பேன். ஆர்சனைட்டைக் கழுவிவிட்டால் இரண்டு மூன்று மணி நேரத்தில் புள்ளிகள் கரைந்துவிடும். மழை வந்ததும் பிளாட்பாரக் கடைக்காரர் தார்ப்பாய் போட்டு மூடி, விட்டதும் எடுத்துவிட்டு வியாபாரத்தைத் தொடர்வாரே, அப்படி. அந்தத் தார்ப்பாயை எடுக்க முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதுதான் என் நான்கு வருட ஆராய்ச்சி.

அதில் நான் பின்தொடரும் ஆள் டி.டி.பி-43. 414 அமினோ அமிலங்கள் கொண்ட, ஆர்.என்.ஏ.வைப் பிடிக்கும் புரதம். 1995-இல் எச்.ஐ.வி. ஆராய்ச்சியில் தலைகாட்டியது. பதினோரு வருடம் கழித்து, 2006-இல், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வர்ஜீனியா லீ, ஜான் ட்ரோஜனோவ்ஸ்கி குழுவும் ஜப்பானில் இன்னொரு குழுவும் ஏ.எல்.எஸ். (தசையை இயக்கும் நரம்புச் செல்கள் சாகும் நோய்) நோயாளிகளின் நரம்புச் செல்லில் கட்டிகட்டியாகக் கிடப்பது இதுதான் என்று கண்டுபிடித்தார்கள். ஏ.எல்.எஸ். நோயாளிகளில் சுமார் 97 சதவீதம் பேருக்கு இந்தக் கட்டி இருக்கிறது. நடத்தையையும் பேச்சையும் பாதிக்கும் ஃபிரண்டோடெம்போரல் டிமென்ஷியா என்ற மூளை நோயில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு.

நம்ம ஊர் டாக்டர்கள் ஏ.எல்.எஸ்.ஸை எம்.என்.டி. என்பார்கள். பெரியப்பாவுக்கு அதுதான். டெய்லர். இரண்டு வருடத்துக்கு முன்னால் கத்தரிக்கோல் கையிலிருந்து நழுவ ஆரம்பித்தது. வயசாச்சு என்று விட்டுவிட்டார்கள். கட்டைவிரல் அடியில் இருக்கும் சதை வற்றி, உள்ளங்கை தட்டையாகிவிட்டது. டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லி டார்ச் அடித்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாராம். நாக்கின் மேல் புழு நெளிவதுபோல ஒரு துடிப்பு. ஜீன் டெஸ்டில் ஒன்றும் வரவில்லை. பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான், குடும்பத்தில் யாருக்கும் இருந்திருக்காது. 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டோஃபர்சன் மருந்து எஸ்.ஓ.டி.1 என்ற ஜீனில் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும். அதனால் இவருக்கு ரிலுசோல்தான், காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. அது ஆயுளைச் சில மாதங்கள் நீட்டும். அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

பொங்கலுக்குப் போனபோது அவரே கேட்டார். "என் வியாதியத்தான் படிக்கிறியாமே பாப்பா, என்னதான் அது?"

உட்கருவுக்குள் ஆர்.என்.ஏ. நீளமாக எழுதப்படும், வேண்டாத துண்டுகளை வெட்டி எறிந்து மிச்சத்தை ஒட்டினால்தான் உபயோகமான சேதி கிடைக்கும், டி.டி.பி-43 எந்தத் துண்டைச் சேர்க்கக் கூடாது என்று காவல் காக்கும் என்றேன். காவல்காரன் வெளியே போய்விட்டால், ஒளிந்திருந்த துண்டு சேதிக்குள் புகுந்துவிடும்.

"வேஸ்ட் துண்ட வெட்டாம வச்சுத் தைச்சிடுறான்னு சொல்லு. சட்டையே போடமுடியாது."

அதேதான். அப்படிக் கெட்டுப்போகும் சட்டைகளில் ஒன்று ஸ்டாத்மின்-2. நரம்பின் நீண்ட வால் வளர்வதற்கும் பழுதுபார்ப்பதற்கும் வேண்டிய புரதம். 2019-இல் இது தெரிந்தது. பல வருடம் எல்லோரும் (நானும்தான்) வெளியே கிடக்கும் கட்டியையே படம் பிடித்துக்கொண்டிருந்தோம், அதுதான் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். காலியாகக் கிடக்கிற உட்கருவை யாரும் ரசித்துப் பார்ப்பதில்லை. என் கணிப்பில் சேதம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. போதாததற்கு, உள்ளே குறைந்துவிட்டது என்று செல் இன்னும் அதிகமாக டி.டி.பி-43 தயாரிக்கும், அதுவும் வெளியே போய்க் கட்டியில் சேரும்.

அம்மாவுக்கு வேறு சந்தேகம். அப்பாயி ஸ்ட்ரோக்கில் விழுந்தவர், விடிகாலையில் பின்கட்டில் கிடந்தவரைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு போவதற்குள் மதியமாகிவிட்டது. "ரெண்டும் மூளை வியாதிதானே, குடும்பத்துலயே இருக்கோ?" என்றார். இல்லை, ஸ்ட்ரோக் ரத்தக்குழாய் சமாசாரம். பெரிய அடைப்பு ஏற்பட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நியூரான்கள் போகும் என்று ஒரு கணக்கு உண்டு. ஆனால் செல்லுக்குள் எட்டிப் பார்த்தால் இரண்டும் அவ்வளவு தூரமில்லை. ரத்தம் நின்ற இடத்தில் நியூரான் புரதத் தயாரிப்பை நிறுத்தி அதே மூட்டையைக் கட்டுகிறது. இதயம் சிறிது நேரம் நின்று மூளைக்கு ரத்தம் போகாமல் திரும்பிய விலங்குகளில், பெரும்பாலான செல்கள் வேலையைத் தொடர்ந்துவிடுகின்றன. நினைவுக்கான ஹிப்போகாம்பஸில் சிஏ1 என்ற பகுதிச் செல்கள் மட்டும் தொடர்வதில்லை. ரத்தம் வந்த பிறகும் இரண்டு மூன்று நாள் சும்மா இருந்துவிட்டுச் சாகின்றன. ஸ்ட்ரோக் உண்டாக்கப்பட்ட எலிகளிலும் டி.டி.பி-43 உட்கருவைவிட்டு வெளியே வருவதைப் பார்த்திருக்கிறார்கள். அம்மா பாதியிலேயே அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

பெரியப்பா விடவில்லை, போட்டோ காட்டச் சொன்னார். போனில் இரண்டு படம் இருந்தது. முதலாவதில் நீல உட்கரு முழுக்கப் பச்சை, அதுதான் டி.டி.பி-43. இரண்டாவதில் நீலம் மட்டும் வெறுமையாக, பச்சை வெளியே ஓரமாகத் திரண்டு. விரலால் பெரிதாக்க அவருக்கு வரவில்லை, நான் பெரிதாக்கிக் காட்டினேன்.

"இந்தப் பச்சை திரும்ப உள்ள போகுமா?"

"எலிக்கு நரம்ப வெட்டினா வெளிய வருது பெரியப்பா. காயம் ஆறினதும் திரும்ப உள்ள போயிருக்கு. சில வாரம் ஆகுது."

"எலிக்கா" என்றார். பெரியம்மா டீயை ஆற்றி டம்ளரை வாயருகே பிடித்தார். அவர் இன்னொரு முறை முதல் படத்தைக் காட்டச் சொன்னார்.