நுகத்தடி செய்த கைகள்

அப்பாவிடம் தச்சு வேலை பழகியவன் நான். மாற்கு சுவிசேஷத்தின் ஆறாம் அதிகாரத்தை வாசித்தால் மூன்றாம் வசனத்தில் எனக்குக் கோபம் வந்துவிடும். நாசரேத் ஜெப ஆலயத்தில் ஆண்டவராகிய இயேசுவின் போதகத்தைக் கேட்டு ஆச்சரியப்பட்டவர்கள், அடுத்த மூச்சிலேயே "இவன் தச்சன் அல்லவா?" என்று இடறிப்போகிறார்கள். உளி பிடித்த கைக்கு வேதம் எதற்கு என்ற இளக்காரம்தான் அது.

தச்சராக அவர் என்னென்ன செய்தார் என்று சுவிசேஷங்கள் சொல்லவில்லை. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த யுஸ்தீன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், அவர் கலப்பையும் நுகத்தடியும் செய்தார் என்று எழுதி வைத்திருக்கிறார். நுகத்தடி லேசான வேலை இல்லை. மாட்டின் கழுத்தில் படும் இடத்தை வளைவு பார்த்துச் செதுக்க வேண்டும். ஒரு பிசிறு நின்றாலும், கணு துருத்தினாலும் நாள் முழுக்க உழுகிற மாட்டுக்குக் கழுத்து புண்ணாகிவிடும். இழைத்துவிட்டு உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்ப்போம். கண்ணுக்குத் தப்பியது கைக்குத் தெரியும். "என் நுகம் மெதுவாயும், என் சுமை இலகுவாயும் இருக்கிறது" என்றவர் அப்படித் தடவிப் பார்த்தவராகத்தான் இருப்பார் என்று நம்புகிறேன். கண்ணில் விழுந்த துரும்பையும் உத்திரத்தையும் பற்றிப் பேசியதும் அவர்தானே.

ஊழியத்தைத் தொடங்கும்போது அவருக்கு ஏறக்குறைய முப்பது வயது என்கிறார் லூக்கா. அதுவரை ஒரு பிரசங்கம் இல்லை, கானாவூரில் தண்ணீரைத் திராட்சரசமாக்கிய அற்புதமும் இல்லை. ஆனால் யோர்தானில் ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறியவுடனே "இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்" என்று பிதா சொல்லிவிட்டார். அதுவரை அவர் செய்துகொண்டிருந்தது மரவேலை. "உலக வேலையை விட்டுவிட்டு ஊழியத்துக்கு வந்தேன்" என்று சபையில் சாட்சி சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த வசனம்தான் நினைவுக்கு வருகிறது. பட்டறையில் இருந்த அந்த வருஷங்களிலும் பிதாவுக்கு அவர்மேல் பிரியம்தான்.

செல்சஸ் என்ற கிரேக்கத் தத்துவவாதி, கிறிஸ்தவர்களின் ஆண்டவர் ஒரு தச்சர் என்று சொல்லிக் கேலி செய்தான். மூன்றாம் நூற்றாண்டில் அவனுக்குப் பதில் எழுதிய ஒரிகன், சபைகள் ஏற்றுக்கொண்ட எந்தச் சுவிசேஷமும் இயேசுவைத் தச்சர் என்று சொல்லவில்லை என்று மறுத்துவிட்டார். ஒரிகன் மகா பெரிய வேத அறிஞர்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் அந்தப் பதில் எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை. ஆமாம், எங்கள் ஆண்டவர் தச்சர்தான், அதனால் என்ன என்று நேராகவே கேட்டிருக்கலாம்.