டி.என்.ஏ. போடாத குழாயில் ஒரு கோடு

இளநிலை இரண்டாம் ஆண்டில் எப்படியாவது ஓர் ஆய்வகத்தில் நுழைந்துவிட வேண்டும் என்று முப்பது பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பெயர் மட்டும்தான் மாறும். "உயிரியலில் எனக்குத் தீராத ஆர்வம்" என்ற தொடக்கம் எல்லாவற்றிலும் ஒன்றே. ஒருவர்கூடப் பதில் எழுதவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்; அந்தக் கடிதத்தில் பதில் சொல்ல எதுவுமே இல்லை.

பிறகு ஒரே ஓர் ஆய்வகத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஆய்வகங்களில் வளர்க்கும் சி. எலிகன்ஸ் என்ற சிறு புழுவைப் பற்றி அவர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையை ஒரு வாரம் வைத்துக்கொண்டு படித்தேன். பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியில் ஒரு சந்தேகம்: 20 டிகிரியில் வளர்த்த புழுக்களை ஒரு சோதனைக்கு மட்டும் ஏன் 25 டிகிரிக்கு மாற்றினார்கள்? அதைக் கேட்டு, எந்தெந்த நாளில் எத்தனை மணி நேரம் என்னால் வர முடியும் என்பதையும் சேர்த்து ஆறு வரியில் எழுதினேன். மறுநாளே பேராசிரியரிடமிருந்து பதில் வந்தது. அந்தப் புழுக்களில் இருந்த மரபணுப் பிறழ்வு வெப்பம் கூடினால்தான் வெளிப்படுமாம். "நேரில் வாருங்கள், பேசலாம்" என்றும் எழுதியிருந்தார்.

நேர்காணலில் நான் கேட்ட உருப்படியான கேள்வி ஒன்றுதான்: "எனக்கு அன்றாடம் யார் கற்றுத்தருவார்கள்?" முனைவர் பட்ட மாணவி ஒருவரைக் கைகாட்டினார். இதை யாரும் கேட்காமல் சேர வேண்டாம். பேராசிரியர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் பிப்பெட் பிடிக்கக் கற்றுத்தரப் போகிறவர் வேறொருவர்.

முதல் மாதம் முழுக்க, புழுக்கள் வளரும் கூழ்மத் தட்டுகளான அகார் தட்டு ஊற்றுவதும் புழு எடுப்பதும்தான். வளர்ந்த புழுவே ஒரு மில்லிமீட்டர். பிளாட்டினக் கம்பியின் நுனியில் பாக்டீரியாவைச் சிறிது தடவி, நுண்ணோக்கியில் பார்த்தபடி புழுவின் முதுகில் தொட வேண்டும், ஒட்டிக்கொண்டு வரும். கொஞ்சம் அழுத்தினாலும் அகார் கிழிந்து, அந்தக் கீறலுக்குள் புழு புகுந்துவிடும். நான் கிழித்த தட்டுகளுக்குக் கணக்கில்லை.

அடுத்தது பி.சி.ஆர்., அதாவது டி.என்.ஏ.வின் ஒரு பகுதியைப் பல மடங்கு நகலெடுக்கும் முறை. அதில் பயன்படும் டாக் நொதியைத் தந்தது தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற வெந்நீர் ஊற்றுப் பாக்டீரியா. 1960களில் தாமஸ் பிராக்குடன் சேர்ந்து அதைப் பிரித்தெடுத்த ஹட்சன் ஃபிரீஸ், அப்போது இளநிலை மாணவர். இதைச் சொல்லிவிட்டுத்தான் என் கையில் குழாய்களைக் கொடுத்தார் அந்த அக்கா.

நகலெடுத்த டி.என்.ஏ.வைக் கோடுகளாகக் காட்டும் ஜெல்லை முதல்முறை ஓட்டியபோது,  டி.என்.ஏ.வே சேர்க்காத குழாயிலும் கோடு தெரிந்தது. எங்கோ கலப்படம், மற்ற முடிவுகளையும் நம்ப முடியாது. இரண்டாம் முறையும் அதே கோடு. மூன்றாம் முறையும் அதே. நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் பிரைமரை மாற்றினேன், நொதியை மாற்றினேன், கடைசியில் தண்ணீரை மாற்றினேன். சோதனைக்கான தண்ணீரை வைத்து, பல வாரங்களாக நான் திறந்து திறந்து மூடிய சிறு குழாய்தான் காரணம். நான்காம் முறை அந்த இடம் கறுப்பாகவே இருந்தது. நான்கு படங்களையும் தேதியிட்டுக் குறிப்பேட்டில் ஒட்டினேன்.

பேராசிரியர் அந்தப் பக்கங்களை நின்றபடியே படித்தார். மறுவாரம் ஒரு பிறழ்வுப் புழு வகை என் பொறுப்புக்கு வந்தது.